சர்க்கரைக்குப் பதிலாக எது, எதில்?

சர்க்கரைக்குப் பதிலாக எதைப் போடலாம் என்று கேட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. ஸ்டீவியா (ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) என்பார் ஒருவர், தேன் என்பார் இன்னொருவர். எதில் போடப் போகிறோம், எதற்காக மாற்றுகிறோம் என்ற இரண்டும் தெரியாமல் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை. காபியில் நன்றாகவே இருக்கும் ஸ்டீவியாவை மட்டும் நம்பிக் கேக் செய்தால் அது எழும்பாது. கேக்கில் ஓரளவு சமாளிக்கும் எரித்ரிட்டால் என்ற இனிப்புப் பொடியைப் பாகு காய்ச்சினால், ஆறியதும் கட்டிகட்டியாகப் படிகமாகிவிடும். தேன் எதில் போட்டாலும் இனிக்கும். ஆனால் ரத்தச் சர்க்கரைக்குப் பயந்து மாற்றுகிறவருக்கு அதனால் பெரிய லாபம் கிடையாது.

எதற்காக என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பலருக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

வெள்ளைச் சர்க்கரை மேல் நம்பிக்கை இல்லை, "இயற்கையாக" ஏதாவது வேண்டும் என்று மாற்றுகிறவர்கள் ஒரு வகை. இவர்கள் போவது வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன், மேப்பிள் சிரப் பக்கம். இவை எல்லாமே சர்க்கரைதான். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 400 கலோரிக்குச் சற்றுக் குறைவு. வெல்லத்தில் ஏறக்குறைய 380. தேனில் 300க்குக் கொஞ்சம் மேலே. அந்தக் குறைவுக்கும் காரணம், தேனில் 17, 18 சதவீதம் தண்ணீர் இருப்பதுதான். வெல்லத்தில் இரும்பும் பொட்டாசியமும் கொஞ்சம் இருப்பது உண்மை. ஆனால் இரும்புச்சத்துக்காக வெல்லம் சாப்பிட ஆரம்பித்தால், தேவையான இரும்பு கிடைப்பதற்குள் தேவையில்லாத சர்க்கரை எக்கச்சக்கமாக உள்ளே போயிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன வரம்பு, ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் சர்க்கரை, முடிந்தால் 5 சதவீதத்துக்குள். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், அல்லது 25 கிராம். அந்தக் கணக்கில் தேனும் சிரப்பும் பழச்சாறும் சேர்த்திதான். ஆகவே வெல்லத்தையும் தேனையும் அவற்றின் ருசிக்காகத் தேர்ந்தெடுங்கள். அது தாராளமாகப் போதுமான காரணம். ஆரோக்கியத்தை இழுத்துவந்து நியாயம் சொல்லத் தேவையில்லை.

நீரிழிவு உள்ளவர்களின் நிலை வேறு. இவர்களுக்கு உண்மையிலேயே குளுக்கோஸை ஏற்றாத இனிப்பு உதவும். ஆனால் ஒன்று: சர்க்கரையை முழுக்க எடுத்துவிட்ட கேக்கிலும் மைதா அப்படியே இருக்கிறது. மாவிலுள்ள ஸ்டார்ச்சும் உடலுக்குள் குளுக்கோஸாகத்தான் மாறும். "சுகர் ஃப்ரீ" என்று நினைத்து இரண்டு துண்டு கூடச் சாப்பிட்டால் மாற்றியதன் பலன் போய்விடும்.

எடைக்காக மாற்றுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, 2023 மே மாதம் அதே உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். எடையைக் கட்டுப்படுத்துவதற்காகக் கலோரியில்லா இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்கிறது அது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. எரித்ரிட்டால், சைலிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும் (பெயரில்தான் ஆல்கஹால், மது அல்ல) அதில் அடங்காது.

சரி, இனி அடுப்படிக்கு வரலாம்.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை

மாற்றிப் போட்டது ஏன் சொதப்புகிறது என்று புரிய வேண்டுமானால், சர்க்கரை ஒரு பண்டத்துக்குள் என்னென்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது அதன் கூரான படிகங்கள் கொழுப்புக்குள் காற்றைப் புகுத்துகின்றன. கேக்கின் மென்மைக்கு முதல் காரணம் அந்தக் காற்றுக் குமிழிகள். மாவில் க்ளூட்டன் என்ற புரதம் இறுகுவதைச் சர்க்கரை தடுக்கிறது. ஸ்டார்ச்சு கெட்டியாகும் வெப்பநிலையை மேலே தள்ளுவதால், கேக் இறுகிவிடும் முன் எழும்ப நேரம் கிடைக்கிறது. தண்ணீரைப் பிடித்துவைப்பதால் மறுநாளும் காய்ந்துபோகாமல் இருக்கிறது. மேல்பக்கம் பொன்னிறமாவதும், அந்த வாசனையும் சர்க்கரையின் வேலைதான். ஜாமில் கிருமிகளுக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்கிறது. ஐஸ்கிரீமில் உறைநிலையைக் குறைத்து, கரண்டி இறங்கும் அளவுக்கு மென்மையாக வைக்கிறது.

இவ்வளவையும் தாண்டி, அது வெறுமனே இடத்தை நிரப்புகிறது. 200 கிராம் சர்க்கரை கேட்கும் ஒரு கேக்கில் அதற்குச் சமமான இனிப்பைச் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டியின் சுத்தமான பொடியில் கொண்டுவர மூன்றில் ஒரு கிராம் போதும், ஏனென்றால் அது ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு. மீதி 199 கிராமுக்கு மேல் எங்கே போவது? கடையில் "ஒரு கப்புக்கு ஒரு கப்" என்று விற்கும் பொடிகளில் அந்த இடத்தைப் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரினோ (ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் பொடி) டெக்ஸ்ட்ரோஸோ (குளுக்கோஸ்தான்) எரித்ரிட்டாலோ நிரப்பியிருக்கும். முதல் இரண்டும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியவை. நீரிழிவுக்காக வாங்குகிறவர் டப்பாவின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது.

எதையும் மாற்றாமல் குறைப்பது

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான், பலர் கடைசியில்கூட யோசிக்காத வழியும் இதுதான். சாதாரணக் கேக், மஃபின், பிஸ்கட் செய்முறைகளில் நான்கில் ஒரு பங்கு சர்க்கரையை எடுத்துவிட்டு வேறெதையும் மாற்றாமல் செய்து பாருங்கள். அநேகமாக யாருக்கும் தெரியாது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், சாக்லேட் மாதிரி ஏற்கெனவே ருசி ஓங்கியிருக்கும் பண்டங்களில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடப் போகலாம். அதற்கு மேல் குறைத்தால் நிறம் வெளிறும், சீக்கிரம் காயும், துண்டு போடும்போது உதிரும். வெண்ணிலா, ஏலக்காய், பட்டை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை குறைந்த இனிப்பை நாக்குக்குக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

இந்த வழியில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம், பின்னால் வரும் கசப்பு இல்லை, வயிற்றுக்கும் தொந்தரவு இல்லை. குறைந்த இனிப்புக்கே நாக்கு பழகிக்கொள்ளும் என்பதும் ஒரு வசதி. மாற்று இனிப்பூட்டிகள் அந்த வசதியைத் தருவதில்லை. இனிப்பு ஏறினபடியே இருக்கும். ஆகவே எந்த டப்பாவை வாங்குவதற்கும் முன்னால் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

கேக்கும் பிஸ்கட்டும்

இனி, குறைத்தது போதாது, இன்னும் போக வேண்டும் என்பவர்களுக்கு.

தேனில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாற்றிப் பார்ப்பது அதைத்தான். ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன் போதும், அது சர்க்கரையைவிட இனிப்பு. தேனோடு தண்ணீரும் வருவதால், செய்முறையிலுள்ள பால் அல்லது தண்ணீரில் மூன்று, நான்கு மேசைக்கரண்டி குறைக்க வேண்டும். தேனுக்குப் புளிப்புத் தன்மை உண்டு. கால் தேக்கரண்டி பேக்கிங் சோடா சேர்த்தால் சரியாகும். சீக்கிரம் கருகும் என்பதால் ஓவனின் சூட்டை 15 டிகிரி போலக் குறைக்கலாம். இவ்வளவும் செய்தாலும் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்யும் கேக்கின் இலேசுத்தன்மை வராது. காற்றைப் புகுத்தப் படிகம் இல்லையே. கனமான, ஈரமான கேக்குகளுக்குத் தேன் அருமை. மொறுமொறு பிஸ்கட்டுக்கு ஆகாது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுநாள் நமத்துவிடும்.

வெல்லத்தைப் பொடித்துச் சர்க்கரையின் அதே எடைக்குப் போடலாம். நிறமும் வாசனையும் மாறும், இனிப்பு கொஞ்சம் குறையும். பாலோடு சேரும் பண்டங்களில் மட்டும் கவனம் வேண்டும்: கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துபோகும் வாய்ப்பு அதிகம். அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் சேர்ப்பதே வழி.

பழக்கூழ் ஒரு நல்ல நடுவழி. பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான் என்றாலும், கூடவே நார்ச்சத்தும் வருகிறது. ஆனால் அது கேக்கின் குணத்தையே மாற்றிவிடும். வெள்ளை வெளேரென்ற ஸ்பாஞ்ச் கேக்கை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

அப்புறம் எரித்ரிட்டால். சர்க்கரையின் 60, 70 சதவீதம் இனிப்பு, கலோரி ஏறக்குறைய பூஜ்யம். உடலுக்குள் போனதில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அதனால் ரத்தச் சர்க்கரை ஏறுவதில்லை, மற்றச் சர்க்கரை ஆல்கஹால்களைப் போல வயிற்றையும் அவ்வளவாகக் கலக்குவதில்லை. குறை என்னவென்றால், கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் வாயில் ஒரு குளிர்ச்சி தெரியும். புதினாப் பண்டத்தில் அது பொருந்தும், வெண்ணெய்ப் பிஸ்கட்டில் உறுத்தும். பழுப்பேறாது. ஆறியபின் மறுபடி படிகமாகிப் பல்லில் நறநறக்கும். இதையெல்லாம் தவிர்க்க, சர்க்கரையில் பாதியை மட்டும் எரித்ரிட்டாலாக மாற்றி, பொடித்துச் சேர்க்கலாம். மீதிப் பாதிச் சர்க்கரை நிறத்தையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ளும்.

இதைப் பற்றி ஒரு சர்ச்சையும் உண்டு. 2023ல் அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் க்ளினிக் ஆய்வாளர்கள் நேச்சர் மெடிசின் இதழில், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று எழுதினார்கள். உடலே கொஞ்சம் எரித்ரிட்டாலை உற்பத்தி செய்கிறது என்பதால், உணவில் வந்ததுதான் காரணமா என்பதை அந்தத் தொடர்பு மட்டும் நிரூபிக்காது. மறுவருஷம் சைலிட்டால் பற்றியும் அதே குழு அப்படியொரு தொடர்பைச் சொன்னது. எப்போதாவது ஒரு துண்டு கேக்குக்கு நான் கவலைப்பட மாட்டேன். இதய நோய் உள்ளவர் தினமும் கரண்டி கரண்டியாகப் போடுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சைலிட்டாலின் இனிப்பு அச்சாகச் சர்க்கரையின் அளவு, கலோரி கிராமுக்கு 2.4. பல்லைச் சொத்தையாக்காது. மால்டிட்டால் நடத்தையிலும் ருசியிலும் சர்க்கரைக்கு இன்னும் நெருக்கம், ஆனால் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். "சுகர் ஃப்ரீ" சாக்லேட்டுகளில் அடிக்கடி இருப்பது அதுதான். இரண்டுமே அளவு மீறினால் வயிறு உப்பும், பேதியாகும். இத்தகைய இனிப்பூட்டிகள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விதியே இருக்கிறது. விருந்துக்கு வருகிறவர்களுக்கு இவற்றில் செய்து, சொல்லாமல் பரிமாறுவது நியாயமில்லை.

கேக்குக்கு என் ஓட்டு அல்லுலோஸுக்கு, கிடைக்கிற இடத்தில் இருந்தால். இதுவும் ஒரு சர்க்கரைதான், ஆனால் உடல் அதை ஆற்றலாக மாற்றுவது மிகக் குறைவு, கிராமுக்கு 0.4 கலோரி. இனிப்பு 70 சதவீதம். படிகமாகி நறநறக்காது, குளிர்ச்சி தெரியாது, ஈரத்தை நன்றாகப் பிடிக்கும், பழுப்பும் ஏறும். சொல்லப்போனால் அளவுக்கு மேல் வேகமாகவே ஏறும். சூட்டைக் குறைத்து, சொன்ன நேரத்துக்கு முன்பே ஓவனைத் திறந்து பார்க்க வேண்டும். மொறுமொறுப்பு மட்டும் இதில் வராது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019ல், உறையில் காட்டும் மொத்தச் சர்க்கரைக் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் சில நாடுகளில் இதற்கு அனுமதி இல்லை.

காபி, டீ, குளிர்பானம்

இங்கே சர்க்கரைக்கு இனிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் மாற்றுவது மிகச் சுலபம். ஸ்டீவியா, மாங்க் ஃப்ரூட் (ஒரு சீனப் பழத்திலிருந்து எடுக்கும் இனிப்பு), சுக்ரலோஸ், ஆஸ்பர்டேம், சாக்கரின் எல்லாமே இங்கே செல்லும். வித்தியாசம் பின்ருசியில்தான். ஸ்டீவியாவில் அதிமதுரம் போன்ற ஒரு வாடையும் கசப்பும் தங்கும், சாக்கரினில் உலோக வாடை. ஒன்றை நிறையப் போடுவதைவிட இரண்டை அரையரை அளவு கலந்தால் இந்தக் குறை கணிசமாக மறையும். எலுமிச்சை சேரும் பானங்களில் ஸ்டீவியாவின் கசப்பு அவ்வளவாகத் தெரியாது.

தேனை ஆறிய, குளிர்ந்த பானத்தில் சேர்த்தால் குறைவாகவே போதும். அதிலுள்ள ஃப்ரக்டோஸ் குளிரில் அதிகம் இனிக்கும், சூட்டில் இனிப்பு குறையும்.

ஒரு சின்ன வேடிக்கை: 1879ல் சாக்கரினும் 1965ல் ஆஸ்பர்டேமும் வெளிச்சத்துக்கு வந்தது, ஆய்வுக்கூடத்தில் கையில் ஒட்டியிருந்ததை ருசித்துவிட்டதால். இன்றைக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் அனுமதிக்காத பழக்கம்.

ஆஸ்பர்டேமைக் கொதிக்கவைத்தால் சிதைந்து இனிப்பு போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்க்க வேண்டும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. 2023ல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை அதை "புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியமுள்ளவை" பட்டியலில் சேர்த்தபோது பெரிய பரபரப்பு. அதே சமயத்தில் உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2400 மில்லிகிராம். காபியில் ஒரு மாத்திரை போடுகிறவர் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை.

சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும் என்றுதான் விற்கப்படுகிறது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019ல் வேறு மாதிரி சொன்னது: 120 டிகிரிக்கு மேல் சூடானால் குளோரின் சேர்ந்த கெட்ட சேர்மங்கள் உருவாகலாம், சமைத்து முடித்தபின் சேர்ப்பதே நல்லது என்று. கேக்கின் உள்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது, மேல்தோல் தாண்டும். பொரிப்பதற்கும் ஓவனுக்கும் இதைத் தவிர்த்துவிட்டு, பானத்துக்கும் குளிர்ந்த இனிப்புகளுக்கும் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. சூட்டைத் தாங்குவதில் ஸ்டீவியா இதைவிட நம்பகமானது.

மாற்றக் கூடாத இடங்கள்

கேரமல் சர்க்கரையே உருகிச் சிதைந்து வருவது, 160 டிகிரிக்கு மேல். எரித்ரிட்டாலை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் நிறமில்லாமல் உருகி நிற்கும். அல்லுலோஸ் நிறம் தரும், ஆனால் உடையும் பதத்துக்கு இறுகாது. அடித்த முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் மெரிங்கும் இப்படித்தான், அந்த நுரையைக் கட்டிநிறுத்துவது சர்க்கரை. இவற்றை மாற்ற முயன்று நேரத்தையும் முட்டையையும் வீணாக்குவதைவிட, சர்க்கரையிலேயே செய்து சின்னத் துண்டாகச் சாப்பிடலாம்.

ஜாமுக்கு வழி உண்டு, ஆனால் அதை இறுகவைக்கும் பெக்டினை மாற்ற வேண்டும். சாதாரண பெக்டின் இறுகுவதற்குப் புளிப்பும், 60 சதவீதம் போலச் சர்க்கரையும் வேண்டும். கால்சியம் சேர்த்தால் இறுகும் குறைந்த மெத்தாக்சில் பெக்டினுக்குச் சர்க்கரை தேவையில்லை. அப்படிச் செய்தது அலமாரியில் தாங்காது. குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

ஐஸ்கிரீமில் அல்லுலோஸ் சர்க்கரையையே மிஞ்சும். அதன் மூலக்கூறு சிறியது என்பதால், அதே எடைக்கு உறைநிலையை ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்ததும் கரண்டி இறங்கும். முழுக்கப் போட்டால் இறுகாமலே போகலாம், பாதி மாற்றினால் போதும். எரித்ரிட்டாலோ குளிரில் கரைந்து நிற்காமல் படிகமாகிவிடும்.

ரொட்டியில் கவலையே வேண்டாம். ஒரு கரண்டிச் சர்க்கரையை எடுத்துவிட்டாலும் மாவிலுள்ள என்சைம்கள் ஸ்டார்ச்சை உடைத்து ஈஸ்டுக்குத் தீனி போட்டுவிடும். கொஞ்சம் மெதுவாக எழும்பும், அவ்வளவுதான். சைலிட்டாலையும் எரித்ரிட்டாலையும் ஈஸ்ட் தின்னாது, அதனால் அவற்றை அங்கே போடுவதில் அர்த்தமில்லை.

எதை எடுத்தாலும் முதல் தடவை பாதி அளவில் செய்யுங்கள், கப்பில் அளக்காமல் எடை போடுங்கள். பொடிகளின் அடர்த்தி டப்பாவுக்கு டப்பா மாறும், ஒரே கப்பில் வரும் எடை ஒன்றாக இருக்காது. ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றினால்தான், கெட்டுப்போனால் எதனால் என்று தெரியும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் வீட்டு ஓவனின் சூட்டில் சாகாது. சைலிட்டால் நமக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே நாய்க்கு விஷம். இன்சுலினைச் சட்டென்று பெருக்கி ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும், ஈரலையும் தாக்கும். நாய் இருக்கும் வீட்டில் சைலிட்டால் டப்பாவையே வாங்காமல் இருப்பது நல்லது. அது செய்யும் வேலையை எரித்ரிட்டாலோ அல்லுலோஸோ செய்துவிடும்.